வயித்துல அடிக்குதா

"வயித்துல அடிக்குதா அண்ணி?" என்று எங்கள் பாட்டுக் குழுவில் கூட இருக்கிற ஜஸ்டின் கேட்கிறான். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சிரித்துவைக்கிறேன், எனக்குத் தெரிந்த பதில் அதுதான், எட்டாவதில் கணக்கு டீச்சர் எழுப்பிவிட்டுக் கேட்டபோதும் இதே சிரிப்புதான், அதற்காகவே அடி வாங்கினேன். அடி. இந்த அறைக்குள் நுழைந்ததிலிருந்து இவர்கள் வாயில் வேறு வார்த்தை இல்லை. அடி பத்தல, அடி உருண்டு வருது, அடி காய்ஞ்சு கெடக்கு பாய். திருச்சியில் ஸ்பீக்கர் கடை, கடைக்குப் பின்னால் சன்னல் இல்லாத ஓர் அறை, சுவரெல்லாம் தரைவிரிப்பை ஒட்டிவைத்திருக்கிறார்கள். முன்னால் மூன்று கறுப்புப் பெட்டிகள். பதினைந்து இஞ்சு ஒன்று, பதினெட்டு ஒன்று, பதினெட்டு இரண்டை ஒரே பெட்டிக்குள் அடைத்தது ஒன்று, அது எங்கள் வீட்டு பீரோவைப் படுக்கப்போட்டது மாதிரி கிடக்கிறது. குரலும் கீபோர்டும் கம்பத்தில் நிற்கிற ஸ்பீக்கரில் வந்துவிடும், இந்தப் பெட்டியில் வருவது அடி மட்டும்தான், அது காதுக்கு வருவதைவிட உடம்புக்குத்தான் வரும், அதனால்தான் கேக்குதா என்று கேட்காமல் அடிக்குதா என்று கேட்கிறான். என்னிடம் ஏன் கேட்கிறான் என்றால், அதற்கும் அவனே ஒரு காரணம் சொல்லிவிட்டான். "எங்க வயித்தயெல்லாம் நம்பக் கூடாது பாய், பஸ் ஸ்டாண்டுல புரோட்டாவப் போட்டு அடைச்சிருக்கோம். அண்ணி காலையிலேருந்து ஒண்ணும் திங்கல. அண்ணி வயிறுதான் சுத்தமான மிஷினு." கடைக்காரர் ஹனீபா பாய் சிரித்தார், என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஏன் திங்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா. சால்னா வாசம் மூக்கில் ஏறியதும் பஸ் ஸ்டாண்டு தூணுக்குப் பின்னால் போய் எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றேன், திரும்பி வந்தபோது இரண்டு பேரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள், பசிக்கல என்றேன், சரி என்றார், சரி என்று சொல்கிறவரிடம் மேலே என்ன சொல்வது.

ஆமாம் அடிக்குது என்று சொன்னால் இந்தப் பெட்டி எங்களோடு ஊருக்கு வந்துவிடும். அடிக்கல என்று சொன்னால் அடுத்த பெட்டிக்குப் போவார்கள், அது இதைவிடப் பெரியது. எப்படிச் சொன்னாலும் ஒரு பெட்டி வருகிறது, எப்படிச் சொன்னாலும் அதை மேடை ஓரத்தில் வைப்பார்கள், மேடை ஓரத்தில்தான் என் மைக் இருக்கிறது. சிரித்துக்கொண்டே நின்றால் மட்டும் ஒன்றும் வராது, ஆனால் எவ்வளவு நேரம் சிரிப்பது. "சின்னதுல தெரியலைன்னு நினைக்கிறேன்" என்று என் சிரிப்புக்கு இவரே அர்த்தம் சொல்லிவிட்டார், பாய் வயரைப் பிடுங்கி நடுப்பெட்டியில் மாட்டுகிறார், ஒரு பெட்டி தப்பிப் போய்விட்டது, சின்னதுக்கே ஆமாம் என்று சொல்லியிருக்கலாமோ, சொல்லியிருந்தால் இந்நேரம் பில் போட்டுவிட்டு வெளியே வந்து காற்றாவது வாங்கியிருப்பேனே, எனக்கு எல்லாமே பெட்டி போன பிறகுதான் தோன்றுகிறது. வயித்துல அடிக்கிறது என்பதை எங்கள் குழுவில் எல்லோரும் சொல்வார்கள், அடி சரியாக இருந்தால் கடைசி வரிசையில் நிற்கிறவன் வயிற்றிலும் போய் இடிக்க வேண்டுமாம், அப்போதுதான் பையன்கள் ஆடுவார்கள், ஆடினால்தான் அடுத்த வருசமும் கூப்பிடுவார்கள். போன மாசம் ஒரு கோயில் கமிட்டிக்காரர் போனில் புரோகிராமை ரத்து செய்தபோது இவர் கெஞ்சினார், அண்ணே ஆடிக்கு உங்களை நம்பித்தான் இருக்கோம், வயித்துல அடிக்காதீங்க என்றார். அந்த ஆள் சொன்னது அடுப்படியில் நின்ற எனக்கும் கேட்டது. "உன் பெட்டி ஒழுங்கா வயித்துல அடிச்சிருந்தா நான் ஏன்ப்பா அடிக்கப் போறேன்." இவர் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்த கையோடு எங்கள் பழைய பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுப் பார்த்தார், அதன் உள்ளே அட்டை கிழிந்து ஒரு வருசம் இருக்கும், அவரும் அதைத் தொடவில்லை, நானும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கிழிந்தது போன வருசம் வைகாசித் திருவிழாவில். அன்றைக்கு மேடை தகரப் பீப்பாய் மேல் பலகை போட்டது, பெட்டியைப் பலகைக்குக் கீழேயே தள்ளியிருந்தார்கள், நான் அதற்கு நேர் மேலே. அப்போது எனக்கு மூன்றாம் மாசம். பல்லவி பிறந்து இரண்டு வருசம் கழித்து வந்தது. இவர் ஆசையாகப் பல்லவி என்று பேர் வைத்ததால் ஜஸ்டின் பாட்டுக் கணக்குப் போட்டான், பல்லவி ஆச்சு, அடுத்தது அனுபல்லவியா நேரா சரணத்துக்குப் போயிரலாமா அண்ணி என்று, அதிலிருந்து வீட்டில் அதற்குப் பேர் சரணம்தான், சரணத்துக்குப் புளி கேக்குதா, சரணம் தூங்குதா. குத்துப்பாட்டு வந்தது. கீழே பெட்டி அடிக்க அடிக்கப் பலகை எகிறுகிறது, உள்ளங்காலில் ஏறி முட்டியில் ஏறி இடுப்பில் வந்து உட்கார்கிறது, எனக்கு அது பிடிக்கும், அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டால் யார் பார்க்கிறார்கள் என்பதே மறந்துபோகும், அந்த அடிமேல் ஏறி நின்றுகொண்டு பாடுவேன். பாட்டு முடியும் முன்னால் பெட்டி படீரென்று கிழிந்தது. எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். மறுநாள் வீட்டில் எனக்கு ரத்தம் பட்டது, சரணம் போய்விட்டது. நர்ஸம்மா என் கன்னத்தைத் தட்டி, சத்தத்தாலயெல்லாம் இப்படி ஆகாதும்மா, சிலது தங்குறதில்ல, உன் தப்பு ஒண்ணும் இல்ல என்றார். மாமியார் வாசலில் நின்றே சொன்னார், இடி மாதிரி பெட்டிமேல ஏறி நின்னு கத்துனா எது தங்கும். நர்ஸம்மா படித்தவர், அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று பகலில் நினைப்பேன். பாத்திரம் தேய்க்கும்போது, பல்லவிக்குத் தலை பின்னும்போது மாமியார் சொன்னது வந்துவிடும். இரண்டும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். இவர் என்ன நினைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜஸ்டின் அதற்குப் பிறகு பாட்டுக் கணக்கே போடவில்லை. கிழிந்த பெட்டி ஒரு வருசம் கிழிந்தே கிடந்தது. எனக்காகத்தான் ஒட்டாமல் விட்டாரா, இல்லை நேரம் இல்லையா. ஒட்டுகிறதுக்கு அவருக்கு அரைநாள் போதும். அரைநாள் வேலையை ஒரு மனுசன் ஒரு வருசம் செய்யாமல் இருந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், அது எனக்குப் போதுமாக இருந்தது, இப்போது அவரே முன்னால் நின்று பெரிசு பெரிசாகத் தட்டிப் பார்க்கிறார்.

தட்டுவது அவர்தான். அவர் வாசிப்பது பேடு, ரப்பர் தட்டு மாதிரி இருக்கும், அதில் விரலால் தட்டினால் போதும், இந்தப் பெட்டியில் பறையாகவோ டிரம்மாகவோ இடியாகவோ வரும். ஊரிலிருந்து அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பிள்ளையைக்கூட அப்படி வைத்துக்கொண்டதில்லை, இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது, பல்லவிக்குக் காய்ச்சல் என்றால் நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார், நல்லவர்தான், என் அம்மா வீட்டில்கூட அவரைக் குறை சொல்ல மாட்டார்கள், இத்தனை வருசத்தில் ஒருநாளும் என்மேல் கை ஓங்கியதில்லை. நடுப்பெட்டியில் தட்டுகிறார். தம். விரலை லேசாகத்தான் வைக்கிறார், அவர் விரல் அங்கே படுகிறது, இங்கே என் தொப்புளுக்குக் கீழே யாரோ உள்ளங்கையை வைத்து அமுக்கி எடுக்கிறார்கள். தம். கையை வயிற்றில் குறுக்காக வைத்துக்கொள்கிறேன், கைக்குப் பின்னாலும் அடிக்கிறது. சுவர் ஓரமாக நகர்கிறேன், அங்கே இன்னும் கூட. பாய் பார்த்துவிட்டார். "எங்க நின்னாலும் ஒண்ணுதான் தங்கச்சி, பாட்டு நேரா வரும், அடி அப்படி வராது, சுத்திக்கிட்டு வரும்" என்று பெருமையாகச் சொல்கிறார், அது அவர் பெட்டிக்குச் சொல்கிற நல்ல வார்த்தை, கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காட்டுகிறார், செவுத்தத் தாண்டிப் போகும், பக்கத்துக் கடையில தையல் மிஷினு ஆடும், அவரு வந்து சண்டை போடுவாரு. பாய்க்கு நாலு பிள்ளைகளாம், வந்ததும் சொன்னார். அத்தனை பிள்ளைகளின் அம்மாவும் இந்தக் கடைக்கு மேலே மாடியில் குடியிருக்கிறவர்தானா, வயிற்றில் பிள்ளையோடு இந்த அடியைக் கேட்டுக்கொண்டேதான் சோறு பொங்கினாரா, பொங்கியிருந்தால் ஒன்றும் ஆகாது என்றுதானே அர்த்தம். கேட்டுவிட வேண்டும். பாய், உங்க வீட்ல மேல மாடியிலயா இருக்காங்க, இவ்வளவுதான், இதைக் கேட்க என்ன வெட்கம், வாயைத் திறக்கிறேன், தம் என்று விழுகிறது, வாயை மூடிக்கொள்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் சொல்லியிருக்கலாம். வயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார், ஈயம் உருகுகிற வாசத்துக்கு எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, அதைச் சாக்காக வைத்தே சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன், நிமிராமலே சொல்லு என்றார், நான் பல்லவிக்குச் செருப்பு அந்துபோச்சு என்றேன். காலையில் பஸ்ஸில் சொல்லியிருக்கலாம், முன்சீட்டில் அவரும் ஜஸ்டினும் பதினெட்டா பதினைந்தா என்று வாக்குவாதம், நான் பின்சீட்டில் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாள் தள்ளி இரண்டாவது மாசம். மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கிற அந்த அட்டையைக் கேட்டு வாங்க எனக்கு நாக்கு வராது, அங்கே நிற்கிற பையன் எங்கள் தெரு. ஆனால் அட்டை எதற்கு, உடம்புக்குத் தெரியும், பல்லவிக்கும் தெரிந்தது, சரணத்துக்கும் தெரிந்தது, தாளிக்கிற வாசம் தூரத்து வீட்டிலிருந்து வருகிறது என்றால் எனக்கு வேறு அர்த்தம் கிடையாது. சொன்னால் என்ன ஆகும். சொன்னால் மேடை ஏறாதே என்பார்கள். மாமியார் சொல்வார், இவர் ஒன்றும் சொல்ல மாட்டார், சொல்லாமல் இருப்பதுதான் சொல்வது. பல்லவி வயிற்றில் இருந்தபோது எனக்குப் பதிலாக ஷோபனா பாடினாள், டிகிரி படித்தவள், நாலு ஊர்க் குழுவில் பாடுகிறவள், மைக்கைப் பிடித்துக்கொண்டு ஜனங்களோடு பேசுவாள், கை தட்டுங்க என்பாள். நான் திரும்பி வந்தபோது முதல் ஊரிலேயே ஒருத்தர் கேட்டார், அந்தப் பொண்ணு வரலையா. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், பாட்டெல்லாம் காதால் கேட்டுக் கேட்டு மனசில் போட்டுக்கொண்டவை, வீட்டில் நாலு பேர் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன், எனக்கு இருப்பது இந்த ஒன்று. அப்படியானால் இத்தனை நாள் நான் வெட்கத்தால்தான் சொல்லவில்லையா, இல்லை ஆடிமாசம் பாட வேண்டும் என்பதற்காகவா. இது என்ன நினைப்பு. எந்த அம்மாவுக்கு இந்த நினைப்பு வரும். ஒரு பிள்ளை போயும் புத்தி வரவில்லை என்று மாமியார் சொல்வார், அவர் சொல்ல வேண்டியதே இல்லை, எனக்குள் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அடிக்கு அடி.

பெரிசைப் போட்டுவிட்டார்கள். எப்போது மாற்றினார்கள் என்று நான் பார்க்கவில்லை. இது அடியே இல்லை, தரை வேறு எங்கோ போய்விட்டுத் திரும்பி வருகிறது. கழுத்துச் செயின் தோல்மேல் துடிக்கிறது, கண்ணாடி வளையல் தானாகக் கிலுங்குகிறது, பல் கூசுகிறது. உள்ளே ஒரு கடலை அளவு இருக்குமா, அதற்குக் கையும் காலும் இருக்காது, காது இருக்காது, காது இல்லாததற்கும் இது கேட்கும், பாயே சொன்னாரே, சுத்திக்கிட்டு வரும் என்று, செவுத்தையே தாண்டுகிறதுக்குத் தோல் எம்மாத்திரம். பிடித்துக்கோ என்று சொல்கிறேன், வாயால் இல்லை, வயிற்றைப் பார்த்து, கெட்டியாகப் பிடித்துக்கோ, போயிறாத, அம்மா சொல்லிவிடுகிறேன், இந்தப் பாட்டு முடியட்டும். ஜஸ்டின் ஆடுகிறான், இதாண்ணே இதாண்ணே என்கிறான். இவர் முகத்தைப் பார்க்கிறேன், கோயிலில் தீபாராதனை பார்க்கிற முகம் மாதிரி இருக்கிறது, எத்தனை மாசமாச்சு அவரை இப்படிப் பார்த்து. அப்புறம் நிறுத்தி, குரலை வைத்துப் பார்ப்போம், அடி குரலைத் தின்னுருதான்னு பார்க்கணும் என்றார், அதற்காகத்தான் என்னைக் கூட்டிவந்தது. பாய் மைக்கை என் கையில் கொடுத்தார். நான்கே பேர்தான் அறையில், ஆயிரம் பேர் முன்னால் வராத கூச்சம் வந்தது, கண்ணை மூடிக்கொண்டேன். பாடினேன். எப்போதும் முதலில் பாடுகிற அம்மன் பாட்டு. அவர் தட்டினார், நான் பாடினேன், குரல் அந்த அடிமேல் ஏறி நின்றது. நின்றுவிட்டது. எவ்வளவு சுலபமாக நின்றது. ஒரு வருசமாகக் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன், இப்போது தரை கிடைத்துவிட்டது, வயிற்றில் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு பாடுகிறேன், நல்லா இருக்கிறது, அய்யோ நல்லா இருக்கிறது, அழுகை வருகிறது, யாருக்கும் தெரியவில்லை, அழுகை வந்தால் என் குரல் இன்னும் நன்றாக இருக்கும் என்று ஜஸ்டினே சொல்வான். சரணம் வரை வந்தேன். அதற்கு மேல் எடுக்க முடியவில்லை. நிறுத்திவிட்டேன்.

"என்ன அமுதா" என்று பேடை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தார். பக்கத்தில் வந்ததால்தான் சொன்னேன். ஈய வாசம் இன்னும் அவர் சட்டையில் இருந்தது. அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மூச்சால், "வயித்துல இருக்குங்க" என்றேன். சொல்லிவிட்டேன் என்று ஒரு நொடி. மைக் என் கையில்தான் இருக்கிறது, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறேன், அதை நான் மறந்தேன். அறை முழுக்க என் மூச்சு வந்தது. மைக்குக்கு எப்போதும் எக்கோ வைப்பது எங்கள் பழக்கம், பாய் கடையிலும் அதே பழக்கம். வயித்துல இருக்குங்க, இருக்குங்க, குங்க, குங்க என்று சுவரில் மோதி மோதி ஓய்ந்தது.

"கேட்டீங்களா பாய்" என்று ஜஸ்டின் கையைத் தட்டுகிறான், "அண்ணி வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க. வயித்துல இருக்காம். இதையே போடுங்க." பாய் காதில் இருந்த பேனாவை எடுக்கிறார். தங்கச்சி நல்ல ஞானம் உள்ளவங்க என்று சொல்கிறார். கதவு வரைக்கும் போய், லோடு ஆட்டோவுக்குச் சொல்லவா என்று கேட்கிறார். நான் இவர் முகத்தைப் பார்க்கிறேன். பெட்டியைத்தான் சொன்னேன் என்று நினைக்கிறாரா. நினைத்துக்கொள்ளட்டுமே. இப்படியே விட்டுவிடலாம், நான் சொல்லியாயிற்று, கேட்காதது அவர்கள் பாடு, ஆடிமாசம் பாடிவிடலாம், ஏதாவது ஆனால் நான்தான் சொன்னேனே என்று சொல்லிக்கொள்ளலாம். ஏதாவது ஆனால். இன்னொரு தடவை வாசலில் நின்று மாமியார், இன்னொரு தடவை நர்ஸம்மா கன்னத்தில் தட்டுவது. மைக்கை இறக்கவில்லை. இறக்கினால் மறுபடி சிரித்துவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டேன், மேடையில் மூடுகிற மாதிரி. "பெட்டியைச் சொல்லல" என்றேன், "எனக்கு. என் வயித்துல இருக்கு. ரெண்டாவது மாசம்." சம், சம் என்று போய் அடங்கியது. கண்ணைத் திறக்கவே இல்லை. பாயின் செருப்புச் சத்தம் நின்றது. யாரோ எக்கோவை அணைக்கிறார்கள், டொக் என்று ஒரு சத்தம். முதலில் பேசியது ஜஸ்டின்தான், அவன் கெட்டவன் இல்லை, வாய்தான் முந்திக்கொள்ளும், "அப்ப ஆடிக்கு யாருண்ணே பாடுறது" என்றான், சொல்லி முடிப்பதற்குள் அவனே நாக்கைக் கடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

கண்ணைத் திறந்து பார்க்கிறேன். இவர் திரும்பிப் போய்ப் பேடு மேல் குனிந்து நிற்கிறார். எனக்குத் தெரியும், இவர் யோசிக்கிறபோது விரல் ஏதாவது தட்டும், இப்போது தட்டவில்லை. ஏதாவது சொல்லுங்க. சந்தோசமா என்றாவது கேளுங்க. ஏண்டி இத்தனை நாள் சொல்லல என்று திட்டுங்க, போன தடவை என்னாலதானா என்று கேளுங்க, ஒரு வருசமாக அந்தக் கேள்வியை நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நடக்கிறோம், இறக்கிவைத்துவிடுங்க. அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கதவுக்கு வெளியே கடை, அதற்கு வெளியே தெரு. "தள்ளி வெச்சுக்கலாம்" என்றார். "பெட்டிய மேடையில வேணாம், நீளமா வயர் இழுத்துத் தள்ளி வெச்சிரலாம். எவ்வளவு தூரம்னு பாத்துக்கணும். நீ வெளியில நடந்து போயிட்டே இரு அமுதா. நான் தட்டுறேன். எங்க வயித்துல அடிக்கலையோ அங்க நின்னு கையத் தூக்கு. அவ்வளவு தூரத்துல வெச்சிருவோம்." எனக்கு அது ஆறுதலா, இடியா என்று தெரியவில்லை. இதுதான் அவருக்குத் தெரிந்த வழி, வயர் இழுப்பது, தூரம் அளப்பது, அதைத் தாண்டி அவருக்கும் வார்த்தை இல்லை, எனக்குச் சிரிப்பு மாதிரி அவருக்கு வயர். பாயைப் பார்த்தேன், எங்கே நின்றாலும் ஒன்றுதான் என்று சொன்னவர் இப்போது தரையைப் பார்க்கிறார். மைக்கைப் பாய் கையில் கொடுத்துவிட்டு நடக்கிறேன்.

கல்லாவைத் தாண்டுகிறேன், தம். கண்ணாடிக் கதவைத் தாண்டுகிறேன், கைப்பிடி அதிர்கிறது, தம். வெயில் முகத்தில் அறைகிறது. தையல்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துத் திட்டுகிறார், யாரை என்று தெரியவில்லை. ஜஸ்டின் கடைவாசலில் நின்று, இங்கயா அண்ணி, இங்கயா என்கிறான், நான் தூக்குகிற கையை அவன் பார்த்து உள்ளே சொல்ல வேண்டும். இல்லை என்று தலையை ஆட்டுகிறேன். பழக்கடை, தம். இளநீர் வண்டி, தம், வண்டிக்காரர் என்னம்மா வேணும் என்கிறார், ஒன்றும் வேண்டாம். பைக்குகளின் கண்ணாடி நடுங்குகிறதா, வெயில் நடுங்குகிறதா. இங்கே காதுக்குக் கேட்கவே இல்லை, பஸ் சத்தம்தான் கேட்கிறது, ஆனால் வயிற்றில் இருக்கிறது, தொப்புளுக்குக் கீழே அதே இடம், அதே விரல். இன்னும் போனால் சரியாகிவிடும். எங்கள் ஊர்க் கோயில் திடலில் இவ்வளவு தூரம் வைத்தால் பெட்டி ஏரிக்கரைக்குப் போய்விடும், அடியை மீன்தான் கேட்கும், பையன்கள் எங்கே ஆடுவது, கமிட்டிக்காரர் என்ன சொல்வார், சொல்லட்டும், நான் இன்னும் நடக்கிறேன். தெருமுனை. சிக்னலில் ஆட்டோக்கள் நிற்கின்றன. தம். வயிற்றில் இரண்டு கையையும் வைத்துப் பார்க்கிறேன், உள்ளே இருந்து வருகிற மாதிரி இருக்கிறது, அது இவ்வளவு சீக்கிரம் துடிக்காது, எனக்குத் தெரியும், அப்படியானால் என் நெஞ்சா, நெஞ்சு இவ்வளவு கீழேயா இருக்கும். திரும்பிப் பார்க்கிறேன். தூரத்தில் கடைவாசல் தெரிகிறது. ஜஸ்டின் இரண்டு கையையும் விரித்து ஆட்டுகிறான். அவனுக்குப் பக்கத்தில் இவரும் வந்து நிற்கிறார், துண்டில் சுற்றிய பேடைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. தட்டுகிறதை எப்போதோ நிறுத்தியிருக்கிறார்கள். பெட்டியை அணைத்திருக்கிறார்கள். இவர் கையை மேலே தூக்கிக் காட்டுகிறார், போதும், கையைத் தூக்கு என்று. தம் என்று விழுகிறது. நான் கையைத் தூக்கவில்லை. சிக்னல் விழுந்ததும் ரோட்டைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போகிறேன்.